பதினோரு பனியனும் பழனாத்தாளும்

கடலுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு நடுவாந்தர ஊர், அந்த ஊருக்கு ஒரு கால்பந்து டீம், அந்த டீமுக்கு ரெண்டாயிரம் செட் பனியனும் டவுசரும் வேண்டுமென்று திருப்பூருக்கு ஆர்டர் வந்து, நூல் வாங்கி, துணி ஓட்டி, இளநீலச் சாயம் போட்டு, வெட்டித் தைத்து, பெட்டியில் அடுக்கப்போகிற வாரத்தில், எங்கள் ஊரால் ஒரு டீமை வைத்துக் காப்பாற்ற முடியவில்லை, கலைத்துவிட்டோம், மன்னிக்கவும் என்று ரெண்டு வரியில் தகவல் வந்தது. முதலாளி நாச்சிமுத்து அந்த ரெண்டு வரியை ரெண்டு நாள் படித்தார். பிறகு சரக்கு மொத்தத்தையும் காதர்பேட்டைச் சந்தைக்குச் செகண்ட்ஸ் என்று பாதி விலைக்குத் தள்ளிவிட்டார். சாயம் போகிறதா என்று பார்க்க அலசிக் கொடியில் போட்டிருந்த பதினோரு செட்டை மட்டும் மறந்துபோனார். அந்தப் பதினொன்றும்தான் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை டீ நேரத்தில், கொடியை விட்டு இறங்கி, வேஸ்ட் துணியைச் சுருட்டிப் பந்தாக்கி, கம்பெனி வாசலில் விளையாட ஆரம்பித்தன.

உள்ளே ஆள் கிடையாது. கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை, டவுசருக்குக் கீழேயும் ஒன்றுமில்லை, ஆனால் பந்து நகர்ந்தது, மண் பறந்தது. கோல்கீப்பர் பனியன் எகிறி விழுந்து முழங்கையில் அழுக்காக்கிக்கொண்டது.

டீ கிளாசும் வடையுமாக நின்றிருந்த நாற்பது பேரும் பார்த்தார்கள். ஓவர்லாக் டெய்லர் மொக்கராசு, ஆண்டிபட்டிப் பக்கத்து ஆள், வடையை மென்றுகொண்டே, “இதுகளுக்கும் பி.எஃப். பிடிப்பாய்ங்களா?” என்று கேட்டான். அதுதான் முதல் கேள்வி. அதற்குப் பிறகு திருப்பூரில் கேட்கப்பட்ட கேள்விகள் எல்லாம் அதே தினுசுதான். யூனியன் ஆபீசில் இதுகள் தொழிலாளியா சரக்கா என்று மூன்று கூட்டம் போட்டார்கள். எதிர்க் கம்பெனிக்காரர் தம் கொடியிலும் பதினோரு பனியனைத் தொங்கவிட்டு, ஒரு வாரம் காத்திருந்து, நாலு காக்காய் எச்சத்தோடு அவிழ்த்துப் போனார். ஜோசியர் ஒருத்தர் ஜாதகம் கணிக்கத் தைத்த தேதியும் நேரமும் கேட்டு வந்தார், அதுவும் எந்த மெசினில் என்று திட்டவட்டமாகத் தெரியவேண்டுமாம். துணி எப்படி எழுந்து ஓடும் என்று மட்டும் அந்த ஊரில் ஒரு ஜீவன் கேட்கவில்லை. ராத்திரி பகலாகத் துணியோடு கிடக்கிறவர்களுக்கு அது ஒருநாள் எழுந்து நடக்கும் என்கிற எதிர்பார்ப்பு எப்போதும் கொஞ்சம் இருந்திருக்கும் போல.

டீ மணி முடிந்து எல்லாரும் உள்ளே போனதும், பதினொன்றும் நின்ற இடத்திலேயே தொப்பென்று துணியாக விழுந்தன. அதைப் பொறுக்கி எடுத்தவள் பழனாத்தாள்.

பழனாத்தாள் செக்கிங் டேபிள். இருபத்திரண்டு வருசமாக அந்த வெள்ளை லைட்டுக்குக் கீழே நின்று, ஒரு பீசுக்கு மூன்று பார்வை, கழுத்து, கை, அடி, கழுத்து, கை, அடி என்று ஒரு நாளைக்கு ஆயிரம் பீஸ் பார்க்கிறவள். அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு நூல் பிசிறு கப்பல் ஏறியதில்லை. ஒரு சொட்டு எண்ணெய்க் கறைக்காக டெய்லர்களை அழவைத்திருக்கிறாள். புருசன் போய்ச் சேர்ந்துவிட்டார், மகளைச் சேலத்தில் கொடுத்திருக்கிறாள், வீடு கம்பெனிக்குப் பின்சந்தில்.

ஒரே வாரத்தில் அவள் விசயத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். பார்த்தால் நிற்கும், பார்க்காவிட்டால் விழும். அதுவும் பந்தைப் பார்க்கிற கண் உதவாது, பனியனைப் பார்க்கவேண்டும். நாலு பேர் பார்த்தால் சோகைபிடித்த மாதிரி நடக்கும், நானூறு பேர் பார்த்தால் நெஞ்சு புடைக்க ஓடும். சாயங்காலம் அவளே மண்ணை உதறி, அலசி, காயவைத்து, இஸ்திரி போட்டு வைத்தாள். அதற்குச் சம்பளம் இல்லை, யாரும் சொல்லவும் இல்லை.

நாச்சிமுத்துவின் மச்சினன் எடுத்த வீடியோ ஊர் ஊராகச் சுற்றி, கடைசியில் புதுசாக ஒரு ஊரைத் தேடிக்கொண்டிருந்த கால்பந்து லீக்கின் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தது. லீக்கிலிருந்து வேதமூர்த்தி என்று ஒருத்தர் வந்தார். சென்னைக்காரர், நல்ல மனுசர், ஒரு லேப்டாப்பும் வெயிலுக்குத் தொப்பியும் வைத்திருந்தார். பனியன்கள் ஆடியதைப் பத்து நிமிசம் பார்த்துவிட்டு, ஆட்டம் பரவாயில்லை, ஆனால் இந்த ஊர் ஒரு டீமைத் தாங்குமா என்பதுதான் கேள்வி என்றார். அதற்கு ஒரு பாரம் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். முதல் கேள்வி, சொந்த ஊர் எது.

டீக்கடை டீக்கடையாக உட்கார்ந்து ஐந்நூற்றுப் பன்னிரண்டு பேரைக் கேட்டார். ஆண்டிபட்டி என்றார்கள். அறந்தாங்கி என்றார்கள், விளாத்திகுளம் என்றார்கள், பாட்னாவுக்கு அந்தப் பக்கம் என்றார்கள். எத்தனை வருசமாக இங்கே என்று கேட்டால், “இருபது வருசமாச்சுங்க சார், சும்மா ஒரு மாசம் பார்ப்போம்னு வந்தது” என்றார்கள். வீடு கட்டியாகிவிட்டது, ரேசன் கார்டு மாற்றியாகிவிட்டது, பிள்ளைகள் ஏனுங்க வாங்க போங்க என்று பேசுகிறதுகள், ஆனாலும் அடுத்த வருசம் ஊருக்குப் போய்விடுவார்களாம்! வேதமூர்த்தி கடைசியாகச் செக்கிங் டேபிளுக்கு வந்தார்.

“சொந்த ஊர் எதும்மா?”

“இதுதானுங்க.”

“இதுன்னா?”

“இந்த எடந்தானுங்க சார். இந்த டேபிள் போட்டிருக்கறது எங்கப்பன் பருத்திக்காடுங்க. அந்தா, அயர்ன் செக்சன் இருக்குதல்லங், அங்க கெணறு இருந்துதுங்க.”

வேதமூர்த்தி தொப்பியைக் கழற்றிவிட்டார். பாரத்தில் அவள் பேரை எழுதிச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். “ஊர்ல எட்டு லட்சம் பேர், ஊர்க்காரங்க ஒரே ஒரு ஆள்” என்று நாச்சிமுத்துவிடம் சொன்னார். நாச்சிமுத்து, “அந்தம்மா ஒரு ஆள் போதுமுங்க, எட்டு லட்சத்துக்குச் சமம்” என்றார், பாதி பெருமையாகவும் பாதி வயிற்றெரிச்சலோடும்.

முடிவாக லீக் ஒரு கணக்குச் சொன்னது. இங்கே ஐந்து ஆட்டம் நடக்கும். ஐந்துக்கும் சேர்த்து நாற்பதாயிரம் சனம் வந்தால் டீம் திருப்பூருக்கு. வராவிட்டால் பதினோரு பனியனையும் மடித்துப் பெட்டியில் போட்டு, இடம் தயாராக இருக்கிற ஒரு பெரிய ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். பழனாத்தாளுக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஒரு ஊர் வேண்டாமென்று விட்ட பிள்ளைகள், போவதற்கு வேறு ஊரும் இல்லை, இந்தத் திருப்பூரில் தன்னைப் போல இருக்கிறது இதுகள் பதினொன்றுதான், இதையும் ஏற்றி அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டே பனியன்களை ஒவ்வொன்றாக மடித்து வைத்தாள்.

நொய்யல் ஓரத்து மைதானத்தில் சவுக்குக் கட்டையில் கேலரி கட்டினார்கள். முதல் ஆட்டத்துக்கு மூவாயிரம் பேர் வந்து, பாதிப் பேர் பந்தைப் பார்த்து, பனியன்கள் தள்ளாடி நாலு கோல் வாங்கின. ரெண்டாவது ஆட்டத்தில்தான் ஊர் தன் சுயரூபத்தைக் காட்டியது. வந்த ஒன்பதாயிரம் பேரும் கட்டிங் மாஸ்டர், டெய்லர், செக்கிங், பேக்கிங், இல்லாவிட்டால் அவர்கள் வீட்டு ஆட்கள். அவர்களுக்குப் பந்தை எங்கே தெரியும்? “ஏய், ஏழாம் நம்பர் அக்குள்ல ஊசி விட்டிருக்கு!” என்று கிழக்குக் கேலரி கத்தியது. “மூணாம் நம்பருக்கு அடி மடிப்பு கோணல்!” என்று மேற்குக் கேலரி பதில் கத்தியது. ஏழாம் நம்பர் கோல் போட்டபோது கை தட்டல் வந்தது, ஆனால் அது ரிப் கழுத்து இத்தனை ஓட்டத்துக்கும் தளராமல் நின்றதற்காக. இடைவேளையில் மொக்கராசு மெசினைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் இறங்கி அக்குளைத் தைத்துக் கொடுத்தான்.

எதிர் டீம்காரர்கள், அவர்கள் நிஜ ஆட்கள், உள்ளே ஆளில்லாத பனியன்களைக் கண்டு பயப்படவில்லை. கேலரியைக் கண்டுதான் பயந்தார்கள். பின்னே, பந்தை வாங்கி ஓடுகிற நேரத்தில் ஒன்பதாயிரம் பேர், “தம்பி, உன் பனியன் தோள் ஜாயிண்ட்டு வெளிய தெரியுது, எவன் தச்சது?” என்று கேட்டால் எவனுக்குக் கால் ஓடும்! ஆட்டம் முடிந்ததும் கேலரிக்காரர்களே அவர்கள் பனியனை வாங்கி ராவோடு ராவாகப் பிரித்துத் தைத்துக் கொடுத்து அனுப்பினார்கள். மூன்றாவது ஆட்டத்துக்குப் பதினோராயிரம், நாலாவதுக்குப் பன்னிரண்டாயிரம். கூட்டிப் பார்த்தால் முப்பத்தையாயிரம்.

“இன்னும் வெறும் அஞ்சாயிரம்மா” என்றார் வேதமூர்த்தி, அவருக்கே உற்சாகம் தாங்கவில்லை. “கடைசி ஆட்டத்தைத் தீபாவளிக்கு முந்தின நாள் வச்சிருக்கேன். எல்லாருக்கும் லீவு. இருபதாயிரம் வரும் பாருங்க.”

பழனாத்தாள் கையிலிருந்த பீசைக் கீழே வைத்தாள். “ஏனுங்க சார், தீவாளிக்கு இந்த ஊர்ல யாருங்க இருப்பாங்க?”

“ஏன், எங்கே போவாங்க?”

“அவங்கவங்க ஊருக்குத்தானுங்க. நானும் நாலு நாயும்தான் இருப்பமுங்க.”

மனுசர் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். தேதியை மாற்ற ஆபீசுக்குப் போன் போட்டார், மெயில் போட்டார், மறுபடி போன் போட்டார். பட்டியல் அச்சாகிவிட்டது என்றார்கள்.

போனஸ் போட்ட மறுநாளிலிருந்து ஊர் காலியாகத் தொடங்கியது. பழனாத்தாள் புது பஸ் ஸ்டாண்டுக்கே போய்விட்டாள். சனம் சனமாகப் பஸ்ஸைச் சுற்றி மொய்த்து, ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு, பையைப் போட்டு, சில பேர் பிள்ளையையே போட்டு இடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மதுரைப் பஸ் படியில் மொக்கராசு ஒரு காலும் ஒரு டிரங்குப் பெட்டியுமாகத் தொங்கிக்கொண்டிருந்தான்.

“மொக்கராசு, ஒரு நாள் சாமி. நாளைக்குச் சாயங்காலம் ஆட்டத்தப் பாத்துட்டுப் போயிரு.”

“யக்கா, என்னக்கா பேசுற? ஆத்தா எட்டு மாசமா ஒரு சேவலக் காலக் கட்டி வளத்துட்டு இருக்கு, நான் வந்தாத்தான் அடிக்கும்.”

“பனியனெல்லாம் போயிருமப்பா.”

அவன் முகம் ஒரு நிமிசம் விழுந்துவிட்டது. ஏழாம் நம்பருக்கு அக்குள் தைத்த கை அல்லவா. “நீ ஒரு வார்த்தை அதுககிட்டச் சொல்லு யக்கா” என்று என்னவோ சொல்ல வந்தான், அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. அவன்மேல் அவளால் கோபப்படவும் முடியவில்லை. தனக்கும் எங்கேயாவது ஒரு சேவல் கட்டியிருந்தால் தானும்தான் தொங்கிக்கொண்டு போயிருப்போம் என்று நினைத்துக்கொண்டே நடந்து வந்தாள்.

மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்குக் கேலரியில் நாற்பத்தொரு பேர் இருந்தார்கள். அதில் காவலுக்கு வந்த போலீஸ்காரர் ரெண்டு பேர் செல்போனைப் பார்த்தார்கள், சுண்டல்காரர் யாராவது வாங்குவார்களா என்று பார்த்தார், பழனாத்தாளைத் தவிர மிச்சப் பேர் எதிர் டீமோடு வந்தவர்கள், அவர்கள் பந்தைப் பார்த்தார்கள். விசில் ஊதியது. பதினோரு இளநீலப் பனியனும் மைதானத்தில் அங்கங்கே கிடந்தன.

பழனாத்தாள் முன்வரிசையில் வந்து நின்றாள், உட்காரவில்லை, செக்கிங் டேபிளில் யாரும் உட்காருவதில்லை. ஒன்றாம் நம்பரைப் பார்த்தாள், கழுத்து, கை, அடி, அது எழுந்தது. விழுவதற்குள் ரெண்டாம் நம்பர், கழுத்து, கை, அடி, மூணாம் நம்பர், கழுத்து, கை, அடி, நாலு, அஞ்சு, ஆறு என்று பதினொன்றுவரை போய், மறுபடி ஒன்றுக்கு வந்தபோது அது சரியத்தான் தொடங்கியிருந்தது, பிடித்துவிட்டாள். இருபத்திரண்டு வருசம் ஆயிரம் ஆயிரமாகப் பார்த்த கண்ணுக்குப் பதினொன்று ஒரு கணக்கா! அவள் பார்வை போன வேகத்துக்குப் பதினொன்றும் நின்றன, நடந்தன, ஓடின. பந்து எந்தப் பனியனிடம் இருந்ததோ அதில் அவள் ஒரு மூச்சு அதிகமாக நின்றாள், எங்கே போகவேண்டுமோ அங்கே கண்ணை வீசினாள், பந்தும் அங்கே போனது. கண்ணில் தண்ணீர் ஓடிக் கழுத்துவரை நனைந்துவிட்டது. கண்ணை மட்டும் மூடவில்லை. வேதமூர்த்தி ஆள் எண்ணுகிற மெசினைப் பையில் போட்டுவிட்டு, அவளுக்குப் பக்கத்தில் குடை பிடித்து நின்றார், மேற்கு வெயில் கண்ணில் அடித்துக்கொண்டிருந்தது.

எண்பத்தேழாவது நிமிசம், ஆற்றுக்கு அந்தப் பக்கம் எந்தக் கடங்காரனோ ஒரு ஆட்டம்பாம் வெடியைக் கொளுத்திப் போட்டான். அவள் இமை ஒரு தடவை அடித்தது. அவ்வளவுதான், கோல்கீப்பர் பனியன் மடிந்து விழுந்தது, பந்து அதன் மேலே உருண்டு வலைக்குள் போனது. ஒன்றுக்குப் பூச்சியம். ஆனால் மிச்ச மூன்று நிமிசமும் அவள் பதினொன்றையும் நிறுத்தியே வைத்திருந்தாள்.

“என்னால எட்டாயிரம்னுகூட எழுத முடியும்மா, நான் பார்த்தது அவ்வளவு” என்றார் வேதமூர்த்தி, குடையை மடக்கிக்கொண்டே. “ஆனா மெசின்ல நாப்பத்தொண்ணு இருக்கு. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வண்டி வருது. செக்கிங் பாஸ் இல்லாம சரக்கு ஏத்தக்கூடாதாம், நீங்க பாஸ் போட்டுக் கொடுத்தா ஏத்திருவேன்.”

மறுநாள் தீபாவளி. விடியக்காலையில் பழனாத்தாள் எண்ணெய் தேய்த்துக் குளித்து, மகள் அனுப்பிய புதுச் சேலையை எடுத்து, மஞ்சளை உரசி, முந்தி ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தாள். தெருவில் ஒரு சத்தம் இல்லை. ராத்திரியே அலசி இஸ்திரி போட்டு அடுக்கியிருந்த பதினோரு பனியனும் கட்டிலில் இருந்தன. அவள் பார்த்ததும் ஒவ்வொன்றாக எழுந்து, சுவர் ஓரமாக வரிசையில் நின்றன. தீபாவளியும் அதுவுமாகப் புதுத்துணியோடு வந்து நிற்கிற பிள்ளைகள் மாதிரி நின்றன.

மஞ்சள் அவள் விரலில் இன்னும் ஈரமாக இருந்தது. விரலைப் பார்த்தாள். இந்தக் கையால் எத்தனை ஆயிரம் கறையைக் காட்டிச் சத்தம் போட்டிருக்கிறாள். “கண்ணுகளா, ஆடாம நில்லுங்க” என்று சொல்லிவிட்டு, ஒன்றாம் நம்பரின் இடது அடியோரத்தில் மஞ்சளை வைத்தாள். பதினொன்றுக்கும் வைத்தாள்.

பத்து மணிக்கு வேதமூர்த்தி பெட்டியோடு வந்தார். ஒரு பனியனைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

“என்னம்மா இது, கறையா?”

“மஞ்சளுங்க சார். தீவாளிக்குப் புதுத்துணிக்கு மஞ்சள் வெக்காம எப்படீங்க?”

“துவைச்சா போயிடுமா?”

“நல்ல விரலி மஞ்சளுங்க. போகாதுங்க.”

செக்கிங் பாஸ் புத்தகத்தை இழுத்து, பதினோரு பீஸ், ஸ்டெயின், ரிஜெக்ட் என்று எழுதி, தன் கையெழுத்தைப் போட்டு அவரிடம் நீட்டினாள். அவர் அதை ரெண்டு தரம் படித்தார். பிறகு ஒரு போட்டோ எடுத்துப் பெரிய ஊருக்கு அனுப்பினார். கறை பட்ட சரக்கு எங்களுக்கு வேண்டாம் என்று அஞ்சே நிமிசத்தில் பதில் வந்தது. வேதமூர்த்தி வாசல்படியிலேயே உட்கார்ந்து, அவள் கொடுத்த அதிரசத்தைத் தின்றுகொண்டு, மறு உத்தரவு வரும்வரை டீம் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று லீக்குக்கு எழுதினார். மறு உத்தரவு எப்போது வரும் என்று அவளும் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து, முறுக்கு டின்னும் சளியுமாக ஊர் திரும்பி வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஆட்டம் என்று யாரும் அறிவிக்காமலே கேலரி நிரம்பிவிட்டது. பதினோரு பனியனும் வரிசையாக மைதானத்துக்குள் ஓடி வந்தன, அத்தனை பேர் கண்ணுக்கு நெஞ்சு புடைத்துக்கொண்டு. பழனாத்தாள் முன்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டாள். கோணல் மடிப்பு ஒரு நூல் அளவு இருந்தாலே மைதானம் அதிரக் கத்துகிறவர்கள், இளநீலத்தில் மஞ்சளை விடுவார்களா, அதுவும் தான் பார்த்து அனுப்பிய பீசில். காதைப் பொத்திக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தாள்.

கிழக்குக் கேலரி பார்த்தது. மேற்குக் கேலரியும் பார்த்தது. பக்கத்தில் மொக்கராசு வாயைத் திறந்ததை அவள் ஓரக்கண்ணால் கண்டாள். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டு, அவன் தன் சட்டை நுனியை, ஆத்தா மஞ்சள் வைத்துக் கொடுத்த புதுச்சட்டை, விரலால் ஒரு தரம் தடவினான். பன்னிரண்டாயிரம் பேர், அத்தனை பேரும் செக்கிங் கண், அத்தனை பேருக்கும் அது தெரிந்தது. ஸ்டெயின் என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை.